இசையைக் கரை சேர்த்தவர்கள்

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில், கோல சிலாங்கூர் நகருக்கு எதிர்க்கரையில் அமைந்திருக்கும் மீனவர் சிற்றூர் பாசிர் பெனம்பாங். ‘பெனம்பாங்’ என்னும் மலாய்ச் சொல், கூலி பெற்றுக்கொண்டு மக்களை அக்கரை சேர்க்கும் தோணிக்காரரைச் சுட்டுவதாகும். ஆற்றின்மேல் பாலம் எழுவதற்கு முன்னர் இரு கரைகளையும் இணைத்து வைத்தவர்கள் அத்தோணிக்காரர்களே. ஊர் அவர்களுடைய தொழிலைத் தன் பெயராகவே சூடிக்கொண்டது. எனினும், அவர்களுள் ஒருவருடைய பெயரையேனும் நான் இதுவரை எந்த ஏட்டிலும் கண்டதில்லை.

இக்கட்டுரை தோணிக்காரர்களைப் பற்றியதன்று, இசைஞர்களைப் பற்றியது. ஆயினும் அவர்களும் ஒருவகையில் தோணிக்காரர்களே என்பதனால் இவ்வூரிலிருந்து தொடங்குகிறேன்.

புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை எனப் பரந்து கிடந்த இவ்வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில், அந்நாளில், மாதம் ஒருமுறை திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். பெரும்பாலும் அது சம்பளம் போட்ட பிறகாக இருக்கும். மாலையிலேயே பாயும் சாக்கும் கொண்டு சென்று இடம் பிடிப்பார்கள். முன்புறம் இடம் கிடைக்காதவர்கள் திரையின் பின்புறம் சென்று அமர்வார்கள். அவர்களுக்கு மட்டும் கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான். படச்சுருள் மாற்றும் இடைவேளையில் கச்சான் விற்பவரின் குரல் எழும். மீண்டும் படம் ஓடும், பாட்டு வரும். பாட்டின் இரண்டு அடிகளுக்கு இடையே, பாடகர் மூச்சு வாங்கும் அந்தச் சில நொடிகளில், பளீரென்று ஒரு டிரம்பெட் ஒலிக்கும். லயத்துச் சிறுவர்கள் மறுநாள் காலையில் பாட்டின் சொற்களை மறந்திருப்பார்கள். ஆனால் அந்த ஊதலை மட்டும் கையைக் குவித்து வாயில் வைத்து அப்படியே ஊதிக் காட்டுவார்கள்.

பாடியவர் யார் என்று கேட்டால் அச்சிறுவர்களும் சொல்லுவார்கள். இசையமைத்தவர் யார் என்பதைப் பெரியவர்கள் சொல்லுவார்கள். ஊதியவர் யார்? இவ்வினாவை எழுப்பியவர் அன்று எவருமிலர். தமிழிசையின் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும் நாமும் இன்றுவரை எழுப்பியதில்லை. ஒரே ஒரு குழுவைச் சான்றாகக் கொண்டு அதற்கு விடை காண முயல்வோம்.

1953ஆம் ஆண்டில் ‘நல்ல பிள்ளை’ என்றொரு தமிழ்ப்படம் வெளிவந்தது. அது நேர்த் தமிழ்ப்படமன்று. 1951இல் பம்பாயில் பகவான் என்பவர் இயக்கி, தாமே கதாநாயகனாக நடித்து வெளியிட்ட ‘அல்பேலா’ என்னும் இந்திப் படத்தின் மொழிமாற்று வடிவம் அது. அப்படத்துக்கு இசையமைத்தவர் சி. இராமச்சந்திரா. அதன் ஆட்டப் பாடல்கள் இந்தியா எங்கும் ஒலித்தன. அவற்றுள் ஒரு பாடற்காட்சியில், பாடுவோருக்கும் ஆடுவோருக்கும் துணையாக ஓர் இசைக்குழு திரையிலேயே தோன்றுகிறது. நடிகர்கள் வாத்தியங்களைக் கையில் ஏந்தி நிற்கும் பொய்க்குழு அன்று அது. உண்மையிலேயே பம்பாய் விடுதிகளில் பேர்பெற்று விளங்கிய குழு. அதன் தலைவர் ‘சிக் சாக்லேட்’ என்று அழைக்கப்பெற்றார். இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். கோவாவின் அல்டோனா என்னும் ஊரில் 1916இல் பிறந்தவர்.

சிற்றூர்க் கிறித்தவக் குடும்பத்து இளைஞர் ஒருவர் இனிப்புப் பண்டத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு பம்பாயின் ஆடல் அரங்குகளில் டிரம்பெட் ஊத நேர்ந்தது எவ்வாறு? அதனை அறிய, உலகெங்கும் அன்று வீசிய ஓர் இசைக்காற்றைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஜாஸ் இசை, 1930களில் ‘ஸ்விங்’ என்னும் வடிவத்தைப் பெற்றது. ஐவரோ அறுவரோ கூடி, அவரவர் மனப்போக்கில் வாசித்த நிலை மாறி, பன்னிருவர் முதல் பதினாறுபேர் வரை அணியணியாக அமர்ந்து வாசிக்கும் ‘பிக் பேண்ட்’ என்னும் பேரிசைக்குழுக்கள் எழுந்தன. டிரம்பெட்டுகள் ஓர் அணி, டிராம்போன்கள் ஓர் அணி, சாக்சபோன்கள் ஓர் அணி. பியானோ, கிட்டார், பெரிய பாஸ் வயலின், டிரம்ஸ் ஆகிய நான்கும் தாளத்தைத் தாங்கும் அணி. ஓரணி வினவ மற்றோரணி விடையிறுக்கும். நம் வில்லுப்பாட்டிலும் தெருக்கூத்திலும் முன்பாட்டும் பின்பாட்டும் மாறிமாறி வருவதை எண்ணிப் பார்த்தால் இதன் அமைப்பு எளிதில் விளங்கும்.

‘ஸ்விங்’ என்னும் சொல்லுக்கு ஊசலாடுதல் என்பது பொருள். அதன் நுட்பம் தாளத்தில் இருக்கிறது. ஒரு தட்டில் இரண்டு சுரங்கள் வரும்போது அவற்றைச் சமமாகப் பகுப்பதில்லை. தட்டை மூன்று கூறாக்கி, முதற்சுரத்துக்கு ஏறத்தாழ இரண்டு கூறும் அடுத்ததற்கு எஞ்சிய ஒன்றும் தருவார்கள். அதனாலே தாளம் ஒரு காலை நீட்டி மறு காலைக் குறுக்கித் துள்ளும். கும்மியிலும் காவடிச்சிந்திலும் திசிர நடையைக் கேட்டுப் பழகிய செவிக்கு இத்துள்ளல் முற்றிலும் அயலானதன்று. தோட்டத்து மக்கள் இதனை உடனே விரும்பியமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து.

1935ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், லாஸ் ஏஞ்சலிசு நகரத்துப் பாலமார் ஆடல் அரங்கில் பென்னி குட்மன் என்னும் வெள்ளையரின் குழு பெற்ற பெருவெற்றியையே ஸ்விங் காலத்தின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். ஆனால் அன்று அரங்கை அதிரவைத்த இசையேடுகளுட் பலவற்றை எழுதியவர் பிளெட்சர் ஹெண்டர்சன் என்னும் கறுப்பினத்தவர். எந்த அணி எப்போது நுழைவது, எப்போது ஓய்வது, எந்தச் சுரத்தோடு எந்தச் சுரத்தை இயைப்பது என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகத் தாளில் எழுதித் தருபவரை ‘அரேஞ்சர்’ என்பார்கள். நாம் ‘இசைக்கோப்பாளர்’ என்று வழங்கலாம். ஹெண்டர்சன் தம் சொந்தக் குழு நொடித்துப்போன பின்னர்த் தம் ஏடுகளைக் குட்மனுக்கு விற்றவர். மேடையில் நின்றவர் ஒருவர், தாளில் எழுதியவர் மற்றொருவர் என்னும் இந்நிலை பம்பாயிலும் தொடர்ந்ததைப் பின்னர்க் காண்போம்.

அதே 1935ஆம் ஆண்டின் இறுதியில், பம்பாய்த் தாஜ்மகால் விடுதிக்கு லியோன் அபே என்னும் வயலின் கலைஞர் தம் கறுப்பின இசைஞர் குழுவோடு வந்து சேர்ந்தார். அவரை அடுத்துக் கிரிக்கெட் ஸ்மித் என்னும் கார்னெட் கலைஞரின் குழு வந்தது. அக்குழுவில் பியானோ வாசித்தவர் டெடி வெதர்போர்டு. சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு ஒரே குழுவில் வாசித்த இவர், 1926இல் ஆசியாவுக்குப் புறப்பட்டு, ஷாங்காயில் பல்லாண்டுகள் கழித்து, இந்தியா வந்து, இந்திய மண்ணிலேயே மறைந்தவர். தம் நாட்டில் எத்தனையோ விடுதிகளின் முன்வாயில் வழியே நுழைய இயலாத இக்கலைஞர்கள், வெள்ளையர் ஆண்ட இந்தியாவின் தலைசிறந்த விடுதியில் தலைமைக் கலைஞர்களாக விளங்கினார்கள் என்பது எண்ணத்தக்கது.

அவர்களை ஊன்றிக் கேட்டவர்கள் மேசைகளில் அமர்ந்து விருந்துண்ட துரைமாரும் சிற்றரசரும் அல்லர். அதே மேடையில் பக்கத்தில் அமர்ந்து வாசித்த கோவா இளைஞர்களே ஆவர்.

கோவா அன்று போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்தது. அங்குச் சிற்றூர்க் கோயில்கள்தோறும் இசைப்பள்ளி ஒன்று நடந்து வந்தது. வழிபாட்டுக்கும் திருவிழாவுக்கும் பாட, வயலின் வாசிக்கச் சிறுவர்களைப் பழக்குவதே அதன் நோக்கம். சுரத்தைத் தாளிற் பார்த்தவுடன் பாடவும் வாசிக்கவும் ஏழெட்டு வயதிலேயே அவர்கள் தேர்ந்தார்கள். நிலமோ குறைவு, வேலை வாய்ப்போ அதனினும் குறைவு. கற்ற இசையைக் கையிற் கொண்டு அவர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கராச்சிக்கும் இரங்கூனுக்கும் சென்றார்கள். பயணக் கப்பல்களிலும், அரசர்களின் பேண்டு வாத்தியக் குழுக்களிலும், ஊமைப்படக் கொட்டகைகளிலும் வாசித்தார்கள்.

இதற்கு நேரான ஒரு வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூர் அரசு தனக்கென ஒரு பேண்டு வாத்தியக் குழுவை அமைக்க விரும்பியபோது, மணிலாவிலிருந்தே இசைஞர்களை வரவழைத்தது. கோவாவுக்குப் போர்த்துகல் போன்று பிலிப்பீன்சுக்கு ஸ்பெயின். அங்கும் கோயிலே இசைப்பள்ளி. அவ்வாறு வந்த பிலிப்பீனியர்களும் அவர்தம் வழியினரும் கோலாலம்பூரின் ஆடல் அரங்குகளிலும், பங்சாவான் நாடகங்களிலும், பின்னர் வானொலியிலும் இசை வளர்த்தார்கள். 1961இல் மலாயா வானொலி இசைக்குழுவை நிறுவிய அல்போன்சோ சோலியானோ அம்மரபினர். மதராசில் பிறந்து மலாயாவுக்கு வந்த எல். கிருஷ்ணன் 1950இல் இயக்கிய ‘பக்தி’ என்னும் மலாய்ப் படத்தில்தான் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். மலாய்ப் படப்பாடல்களிலும் நாம் கேட்டது அதே டிரம்பெட்டின் சாயலே. ஆகவே தோட்டத்துத் திடலில் தமிழ்ப்படம் பார்த்தவரும் கம்பத்தில் மலாய்ப்படம் பார்த்தவரும், தாம் அறியாமலே, ஒரே இசையின் இரு கிளைகளைக் கேட்டார்கள்.

சிக் சாக்லேட்டின் கதைக்குத் திரும்புவோம். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அவருடைய ஊதலையும், கரகரத்த குரலையும், மேடை நடையையும் தமதாக்கிக் கொண்டவர் இவர். ‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்றே இவரை அழைத்தார்கள். 1940களில் இவருடைய 11 பேர் கொண்ட குழு, தாஜ் விடுதியை அடுத்திருந்த கிரீன்ஸ் ஓட்டலில் வாசித்து வந்தது. தாஜ் விடுதியிலோ மிக்கி கொரியா என்பவரின் குழு. மொம்பாசாவில் பிறந்த கோவா வழியினரான கொரியா, 1939 முதல் 1961 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள் அவ்வொரே விடுதியில் குழுத்தலைவராக இருந்தார். பார்சி இனத்தவரான கவாஸ்ஜி கட்டாவ் என்பவர் தம் பெயரை ‘ரூடி காட்டன்’ என மாற்றிக்கொண்டு சாக்சபோன் ஊதினார். வாஸ் சாக்லேட்டானதும் கட்டாவ் காட்டனானதும் வெறும் விளையாட்டல்ல. விடுதிக்கு வருவோர் அமெரிக்க இசையை அமெரிக்கப் பெயரோடு கேட்கவே விரும்பினர். மேடையேறுவதற்கு முதல் விலையாக இக்கலைஞர்கள் தந்தது தாய்தந்தையர் இட்ட பெயரை. இரண்டாம் விலை பின்னர் வந்தது.

இரண்டாம் உலகப்போர் இக்குழுக்களுக்குப் பொற்காலமாயிற்று. பம்பாயிலும் கல்கத்தாவிலும் நேசநாட்டுப் போர்வீரர்கள் குவிந்தார்கள். இரவுதோறும் ஆடல், இரவுதோறும் இசை. வெதர்போர்டின் குழு கல்கத்தாவின் கிராண்டு ஓட்டலில் வாசித்துக்கொண்டிருந்த 1943ஆம் ஆண்டில்தான், அவ்வோட்டலுக்கு வெளியே வங்கத்துப் பெரும் பஞ்சத்தில் மக்கள் தெருவோரத்தில் மாண்டு கிடந்தார்கள். அதே ஆண்டில்தான் நம் தோட்டங்களிலிருந்து சப்பானியரால் கொண்டு செல்லப்பெற்ற பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதையில் மடிந்தார்கள். இசைக்கு இதில் குற்றமில்லை. ஆனால் ‘ஸ்விங் காலம்’ என்று இனிமையாகப் பேர் சொல்லும்போது, அக்காலம் எல்லார்க்கும் ஆடற்காலமாக இருக்கவில்லை என்பதையும் மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். வெதர்போர்டையும் கல்கத்தா விட்டுவைக்கவில்லை. 1945 ஏப்பிரலில் வாந்திபேதி கண்டு அந்நகரிலேயே இறந்தார்.

1947இல் ஆங்கிலேயர் வெளியேறினர். சிற்றரசர்களின் பொக்கிஷங்களும் வற்றின. பம்பாய் மாநிலத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் முழு மதுவிலக்கு வந்தது. மதுவின்றி இரவு விடுதிகள் எவ்வாறு நடக்கும்? பிரிவினையால் லாகூரை விட்டு வந்தவர்களும் பம்பாயில் வேலை தேடி நின்றார்கள். லாகூர் விடுதியொன்றில் சொந்தக் குழு நடத்திய செபாஸ்டியன் டிசூசா அவர்களுள் ஒருவர். பிழைப்புக்கு வழி எது? திரைப்படக் கூடங்களே வழி.

திரைப்பாடல் உருவாகும் முறை அறியத்தக்கது. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை முன்வைத்து மெட்டைப் பாடுவார். பெரும்பாலோர்க்கு மேனாட்டுச் சுரக்குறி எழுதத் தெரியாது. அறுபது பேருக்கு ஒரே மெட்டை வாயாற் பாடிக் கற்பிக்கவும் இயலாது. அப்போது அருகில் அமர்ந்திருக்கும் கோவா இசைக்கோப்பாளர் அம்மெட்டைக் கேட்டவாறே ஐங்கோட்டுத் தாளில் எழுதிக்கொள்வார். பின்னர் வயலின்களுக்கு இது, சாக்சபோனுக்கு இது, டிரம்பெட்டுக்கு இது என்று பிரிப்பார். பாட்டுக்கு முன்வரும் இசை, சரணங்களுக்கு இடையே வரும் இசை, பாடகரின் குரலுக்குப் பின்னே இழையும் இசை ஆகியவற்றை நிரப்புவார். ஒத்திகை நடத்துவார். எல்லாரும் ஒருங்கே அமர்ந்து ஒரே மூச்சில் வாசித்துப் பதிய வேண்டிய காலம் அது. கடைசி அடியில் ஒருவர் பிழைத்தால் அறுபது பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். தாளைப் பார்த்த மாத்திரத்தில் பிழையின்றி வாசிக்கும் கோவாவினரின் பயிற்சி அங்கேதான் பொன்னாயிற்று.

இதனைக் கொண்டு, மெட்டமைத்தவருக்குப் பெருமையில்லை, எல்லாப் பெருமையும் கோப்பாளருக்கே என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. இராமச்சந்திராவின் மெட்டு இல்லையேல் சிக் சாக்லேட்டின் ஊதலுக்கு நிற்க இடமில்லை. ஆனால் அவ்வூதலைக் கழித்துவிட்டால் ‘அல்பேலா’வின் பாடல்கள் நம் தோட்டத்துச் சிறுவனின் வாய்வரை வந்திருக்குமா என்பதும் ஐயமே. ஒருவர் விதைத்தார், ஒருவர் நீர் பாய்ச்சினார். விளைச்சலில் ஒருவர் பெயரே பொறிக்கப்பட்டது என்பதே என் வழக்கு.

தொடக்கக் காலத்து இசைத்தட்டுகளில் பாடகரின் பெயரே இருக்காது. கதைப்பாத்திரத்தின் பெயரை அச்சிட்டார்கள். 1949இல் வெளிவந்த ‘மகல்’ படத்தின் புகழ்பெற்ற பாட்டின் தட்டில் லதா மங்கேஷ்கர் என்ற பெயருக்கு மாறாகப் படத்து நாயகியின் பாத்திரப் பெயரே இருந்தது. பாடகர்கள் தம் பெயரைப் பின்னர்ப் பெற்றுவிட்டார்கள். வாத்தியக்காரர்கள் பெறவில்லை. விடுதி வாசலில் பெரிய எழுத்துகளில் பெயர் மின்னக் கண்டவர்கள், படக்கூடத்தில் அன்றன்றைய கூலி பெறும் பெயரற்றவர்கள் ஆனார்கள். நான் மேலே கூறிய இரண்டாம் விலை இதுவே. சிக் சாக்லேட் தாமே இசையமைப்பாளராக விளங்கிய படங்களும் சில உண்டு. 1951இல் வந்த ‘நாதான்’ அவற்றுள் ஒன்று. ஆனால் அவை நிலைக்கவில்லை. இராமச்சந்திராவுக்குத் துணைநின்றவர் என்ற அளவிலேயே திரையுலகம் அவரை வைத்துக்கொண்டது.

இவையெல்லாம் வடநாட்டுச் செய்திகள், தமிழுக்கு என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு தொடக்கத்திலேயே உண்டு. சி. இராமச்சந்திரா என்னும் மராத்தியர் இசையமைப்பாளராக முதலில் அடியெடுத்து வைத்ததே தமிழ்ப் படங்களில்தான். 1941இல் வெளிவந்த ‘வனமோகினி’, பகவான் இயக்கி இராமச்சந்திரா இசையமைத்த தமிழ்ப்படம், எம். கே. ராதாவோடு, யாழ்ப்பாணத்து நங்கை தவமணி தேவி நடித்தது. பத்தாண்டுகள் கழித்து அவ்விருவரும் இணைந்து ‘அல்பேலா’வை ஆக்கினார்கள், அது ‘நல்ல பிள்ளை’யாகித் தமிழுக்கே திரும்பி வந்தது. தமிழில் 1954இல் ‘மலைக்கள்ளன்’ தந்த கோவைப் பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடு, அதனை இந்தியில் ‘ஆசாத்’ என்று 1955இல் எடுத்தபோது இசையை இராமச்சந்திராவிடமே ஒப்படைத்தார். 1958இல் வாசன் எடுத்த ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்துக்கும் இசை அவரே. பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடும் அந்நடனக் காட்சியை அறியாத தமிழர் இலர். சங்கர்–ஜெய்கிஷனின் ‘ஆஹ்’ 1953இல் ‘அவன்’ என்று தமிழாயிற்று. லாகூரிலிருந்து வந்த செபாஸ்டியன் டிசூசா, அவ்விரட்டையர்க்கே பல்லாண்டுகள் இசைக்கோப்பாளராக விளங்கினார்.

இங்கே ஒரு செய்தி என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசைத் தீர்மானம் நிறைவேறியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. மேடையில் தமிழ்ப்பாட்டு முழங்க வேண்டும் என்று அறிஞர்களும் புரவலர்களும் போராடிய அதே பத்தாண்டில்தான், பாட்டுக்குப் பின்னே ஒலிக்கும் வாத்தியங்களின் அமைப்பே முழுமையாக மாறிக்கொண்டிருந்தது. சொல் எம்மொழியது என்று வினவினோம். அது வினவ வேண்டிய வினாவே. ஆனால் குழல் யாருடையது, ஊதுபவர் யார், அவர் எங்கிருந்து வந்தார் என்று எவரும் வினவவில்லை. திரையிசையை ‘மேனாட்டு இரைச்சல்’ என்று கடிந்த பெரியோரும் சரி, மகிழ்ந்து கேட்ட மக்களும் சரி, அதனை நிகழ்த்திய மனிதரை நோக்கவில்லை.

அயலிசையைத் தமிழர் ஏற்பது அன்று புதிதும் அன்று. சென்னைக் கோட்டையின் ஆங்கிலப் பேண்டு வாத்தியத்தைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர் அம்மெட்டுகளுக்கு வடமொழிப் பாட்டெழுதினார்; அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். தஞ்சை அரண்மனையில் சரபோசி மன்னர் மேனாட்டு வாத்தியக் குழுவையே வைத்திருந்தார். தீட்சிதர் பெயர் நிலைத்தது. கோட்டையில் அன்று ஊதிய சிப்பாயின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இப்பழக்கம் நமக்கு நெடுநாளையது போலும்!

சென்னையில் இந்நிலை மாறிய விதம் தனியே எழுதத்தக்கது. ஈண்டு ஒரு குறிப்பு மட்டும் போதும். தன்ராஜ் மாஸ்டர் என்பவர் மயிலாப்பூரில் சிறிய அறையொன்றில் மேனாட்டுச் சுரக்குறியையும் இயைபிசையையும் கற்பித்து வந்தார். அவரிடம் கற்ற பண்ணைப்புரத்து இளைஞர் இளையராசா, 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைத்தபோது, மெட்டமைப்பவரும் ஐங்கோட்டுத் தாளில் எழுதுபவரும் ஒருவரே என்றாயிற்று. இரு கைகள் செய்த வேலையை ஒரு கை செய்தது. தோணிக்காரரும் பயணியும் ஒருவரே ஆயினர் எனலாம்.

அதற்கடுத்த ஆண்டு பம்பாயில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. 1977இல் ‘அமர் அக்பர் அந்தோணி’ என்னும் படம் வெளிவந்தது. அதன் நாயகன் ஒரு பாட்டில் தன் பெயர் அந்தோணி கொன்சால்வஸ் என்று முழங்குகிறான். அது கற்பனைப் பெயர் என்றே நாமெல்லாரும் கருதினோம். உண்மையில் அது, கோவாவின் மஜோர்டாவில் 1927இல் பிறந்த ஒரு வயலின் கலைஞரின், இசைக்கோப்பாளரின் பெயர். படத்துக்கு இசையமைத்த இலட்சுமிகாந்த்–பியாரிலால் இரட்டையருள் பியாரிலால் அவரிடம் வயலின் கற்றவர். ஆசிரியருக்கு மாணவர் செலுத்திய காணிக்கை அது. 1958இல் இந்திய இராகங்களுக்குப் பேரிசைக்குழு வடிவம் தந்து பம்பாயில் கச்சேரி நடத்திய அப்பெரியார், 2012இல் மறைந்தார். பெயரை நாடே பாடியது. பெயருக்குரியவரை நாடு அறியவில்லை.

இக்கலைஞர்களைத் தேடிச் சென்று, எஞ்சியிருந்தோரின் வாய்மொழியைப் பதிந்து, விரிவான நூல்கள் வெளிவந்தது இந்நூற்றாண்டில்தான். பம்பாய் ஜாஸ் வரலாற்றை நரேஷ் பெர்னாண்டஸ் 2012இல் நூலாக்கினார். அதற்குள் பலர் மறைந்துவிட்டனர். மிக்கி கொரியா 2011இல், தொண்ணூற்றெட்டாம் வயதளவில், காலமானார். நம் தோட்டங்களிலும் கோயில் திருவிழாக்களில் நாதசுவரம் ஊதியவர்களும், திருமண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியம் வாசித்தவர்களும், தோட்டத்து நாடகங்களுக்கு ஆர்மோனியம் இசைத்தவர்களும் இருந்தார்கள். பாசிர் பெனம்பாங் வட்டாரப் பள்ளிகளின் மாணவர்கள் தத்தம் வீட்டு முதியோரிடம் சென்று அப்பெயர்களைக் கேட்டெழுதுவார்களாயின், ஆண்டிறுதிச் செயற்றிட்டமாக அதனினும் சிறந்ததொன்றை என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

சிக் சாக்லேட் 1967இல், ஐம்பதைத் தாண்டிய சிறிது காலத்தில், இறந்தார். ‘அல்பேலா’ இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அந்த ஆடற்பாட்டு வரும்போது நாயகன் நாயகியரை விட்டுவிட்டுப் பின்னே நோக்குங்கள். சட்டைக் கைகளில் மடிப்பு மடிப்பாகத் துணி தொங்க, இலத்தீன் அமெரிக்கப் பாணியில் உடையணிந்த இசைஞர்கள் நிற்பார்கள். அவர்களுள் டிரம்பெட்டை உயர்த்திப் பிடித்திருப்பவர்தாம் அல்டோனாவின் அந்தோனியோ சேவியர் வாஸ்.